ஆறாவது ஸ்டேஜும் அத்தானின் கட்டைவிரலும்

மார்ச் 3

ஒரு வெட்கக்கேட்டை எழுதிவைக்கிறேன். ஐம்பத்தோரு வயதில், அக்காவும் அத்தானும் ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் பார்த்து, கூடத்துக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அத்தானின் பழைய வீடியோ கேம் பெட்டியைப் போட்டு விளையாடினேன். பதினாலு தடவை செத்தேன். பதினாலும் ஒரே இடத்தில். முதலில் வருகிற மொட்டைத்தலைச் சிப்பாயைக்கூடத் தாண்டவில்லை.

இத்தனை நாளாக அவரைக் கேலி பண்ணிய வாய் இது. "என்ன தளபதி, இன்னிக்கு எத்தனை வீரமரணம்?" என்று கேட்டுவிட்டுத்தான் காலையில் தையல் மெஷினில் உட்காருவேன். "ஊசி, உன் வேலையப் பாரு" என்பார். நான் தைக்கிறவள் என்பதால் அந்தப் பெயர் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். குத்துகிறவள் என்பதால் வந்த பெயர்.

இந்த விளையாட்டைச் செய்தவனுக்கு மனிதர்கள்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. குதிப்பதற்கும் சுடுவதற்கும் ஒரே கட்டைவிரல். நின்றால் மேலே சுட முடியாது. குனிந்தால் சுடலாம், ஆனால் நகர முடியாது. குதித்துவிட்டால் நடுவானில் திரும்ப முடியாது, குதித்தது குதித்ததுதான். அடிபட்டால் பின்பக்கம் துள்ளி விழுவான் நம்ம ஆள். பின்பக்கம் எப்போதும் ஒரு குழி இருக்கும். மூன்று உயிர். அது போனால் திரும்ப முதலிலிருந்து. விட்ட இடத்திலிருந்து தொடர்கிற வசதியெல்லாம் அந்தக் காலத்துப் பெட்டியில் கிடையாது.

அத்தான் பஸ் டிரைவர். போன வருஷக் கடைசியில் வண்டிப் படியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். கட்டுப் பிரித்தபின் கட்டைவிரல் மட்டும் மரத்துப்போய் நிற்கிறது. கைப்பயிற்சி கொடுக்கிற அம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, அமுக்கிக்கொண்டே இருங்கள் என்றார். இவர் அதைக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய இந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார். இருபத்தெட்டாம் தேதி டெப்போவில் வண்டி ஓட்டிக் காட்டவேண்டும். ஓட்டினால் பழைய வேலை. இல்லாவிட்டால் ஆபீஸில் ஒரு நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரே மாதத்தில் கிழவராகிவிடுவார். அது எனக்கும் தெரியும். அதனால்தான் கேலி பண்ணுகிறேன். வேறு எப்படித் தைரியம் சொல்வது என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 6

மொட்டைத்தலையைத் தாண்டினேன்! குழியில் விழுந்தேன்.

மார்ச் 8

எழுதவேண்டுமா என்று யோசித்துக்கொண்டே எழுதுகிறேன்.

காலையில் அத்தான் ஆறாவது ஸ்டேஜுக்குப் போய்விட்டார். மொத்தமே ஏழுதான். வாங்கிய நாளிலிருந்து ஆறைப் பார்த்ததே இல்லையாம். அக்கா குழம்புக் கரண்டியோடு வந்து நின்றாள். நானும் மெஷினை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம் என்று எண் ஓடுகிறது. அதற்குள் ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது, வாசலில் ஆட்டோ. அவசரமாக நிறுத்துகிற பொத்தானை அமுக்கினார், டிவியை அணைத்தார்.

"பெட்டி ஓடிட்டுதான் இருக்கு, வந்து விட்ட எடத்துலேர்ந்து ஆடணும். யாரும் கை வெக்கக்கூடாது. முக்கியமா நீ, ஊசி."

"நான் ஏன் வெக்கறேன்? என் கைக்கு வேற வேலை இல்லையா?"

வேலை இருந்தது. அதுதான் வினை. காவலாளிகளுக்கான பன்னிரண்டு பேண்ட், ஐந்து மணிக்குக் கொடுக்கவேண்டும். இஸ்திரிப் பெட்டியின் ஒயர் குட்டை, டிவி பக்கத்து ஸ்விட்ச் பலகையில்தான் எட்டும். டிவி அணைந்துதானே இருக்கிறது என்று ஒரு பிளக்கை உருவினேன்.

டிவி பிளக் இல்லை அது. பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது.

அரை நிமிஷத்தில் திரும்பச் செருகிவிட்டேன். என்ன பிரயோஜனம்? டிவியைப் போட்டுப் பார்த்தால் ஆரம்பப் பாட்டு வந்தது. யாரும் ஆடாவிட்டால் அந்தச் சிப்பாய் தானாகவே கொஞ்ச தூரம் ஓடிக் காட்டுவான். தானாக ஓடினான். தானாகச் செத்தான். டிவியை அணைத்துவிட்டேன்.

அவர் வந்தார். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் டிவியைப் போட்டார்.

"நிறுத்தித்தானே வெச்சேன்..." என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நீ தொட்டியா?"

தொட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடி. நான் சொன்னது என்ன? "நான் எதுக்குத் தொடறேன்? உங்க கட்டைவிரல் அமுக்கிட்டதா நெனச்சுக்கிச்சு, பொத்தான் அமுங்கல. பாவம், உங்க ஆளு நட்டநடுவுல நின்னே செத்திருப்பான்!" சொல்லிவிட்டுச் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள்.

அந்தப் பொத்தான் பழசு. அரைகுறையாக அமுக்கினால் ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடி ஓடும். அதனால் அவர் நம்பிவிட்டார். தன் கட்டைவிரலை வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

பேண்டுகளை ஐந்து மணிக்குக் கொடுத்துவிட்டேன். மடிப்பு அருமை என்றார்கள்.

மார்ச் 9

பெட்டியைத் தொடவில்லை அவர். டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார். கட்டைவிரலால் அமுக்குகிறார்.

"எரியுதா?"

"எரியுதுங்க."

"இப்ப?"

அக்கா ஒரு கணம் தயங்கினாள். "இல்லையே."

எரிகிறது என்று நினைத்திருக்கிறார்.

மார்ச் 11

சொல்லிவிடலாம் என்று இன்று மூன்று தடவை அவர் எதிரில் போய் நின்றேன். மூன்று தடவையும் வாயில் கேலிதான் வந்தது. இந்த வாயை நானே தைத்துவிட்டால் என்ன?

சாப்பாட்டுக்குப் பிறகு சுவருக்கு அந்தப்பக்கம் அவர் அக்காவிடம் பேசியது கேட்டது. "பட்டன அமுக்கிக் கதவ மூடிட்டேன்னு நெனச்சு வண்டிய எடுக்கறேன்னு வெச்சுக்கோ. மூடல. படியில ஒரு புள்ளத்தாச்சி நிக்கறா. அப்ப?"

"ஏன் இப்படியெல்லாம் யோசிக்கறீங்க?"

"என் வெரல் என்கிட்ட பொய் சொல்லுதுடி."

விரலா பொய் சொன்னது?

மார்ச் 13

ஒரு திட்டம். அவர்கள் வீட்டில் இல்லாதபோது நானே விளையாடி ஆறாவது ஸ்டேஜுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடுவது. 'பாருங்க, பெட்டி தானா சரியாயிடுச்சு' என்று சொல்லிவிடுவது. ஐந்தாம் வகுப்பு படித்தவளின் திட்டம் இவ்வளவுதான் இருக்கும்.

இன்று முப்பத்தொரு தடவை. கட்டைவிரலில் கொப்புளம். ஊசி குத்தாமல் இருக்க மாட்டிக்கொள்கிற அங்குஸ்தானை விரலில் மாட்டிக்கொண்டு ஆடினேன். பொத்தான் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, குத்துமதிப்பாக அமுக்கவேண்டியிருக்கிறது.

அவருக்கு எப்போதும் இப்படித்தான் இருக்கிறது போல. அந்த விரலோடு ஆறாவது வரைக்கும் போயிருக்கிறார் மனுஷர். கழற்றி வைத்துவிட்டேன்.

மார்ச் 15

இரண்டாவது ஸ்டேஜ். பாலம். பாலத்தின் நடுவில் பலகை இல்லை.

மார்ச் 17

அத்தான் டெப்போவுக்குக் கடிதம் எழுதிவிட்டார். ஓட்டிக் காட்ட வரவில்லை, ஆபீஸ் வேலையே போதும் என்று. மூன்று வரி. எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டினார். அக்கா ஈரத்துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், முகத்தில் ஒன்றுமே ஒட்டியிருக்கவில்லை.

"நாளைக்கு நூல் வாங்கப் போறேல்ல? போற வழியில இத டெப்போல குடுத்துடு."

ஊசி என்றுகூடக் கூப்பிடவில்லை.

மார்ச் 18

டெப்போவில் டைம்கீப்பர், மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு மேசையெல்லாம் அதைத் தேடிக்கொண்டிருந்தார். மற்ற நாளாயிருந்தால் கால்மணி நேரம் தேடவிட்டு வேடிக்கை பார்த்திருப்பேன். இன்று, "தலையில இருக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

"அட! எப்படிம்மா இருக்காரு உங்க அத்தான்? இருபத்தெட்டுக்கு வராரில்ல?"

கை பைக்குள் இருந்தது. விரலில் கடிதம் பட்டது. "வருவாருங்க" என்றேன். வந்துவிட்டேன். நூல் வாங்கவும் மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மூச்சு வாங்க நின்று சொல்லிவிட்டேன். "அத்தான், அன்னிக்கு நான்தான் பிளக்க உருவினேன். உங்க விரல்மேல தப்பே இல்ல."

எழுந்து அடிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார். "எனக்காகப் பொய் சொல்ற."

"சத்தியமா."

"ஒம்பது வருஷமா இந்த வீட்டுல இருக்க. நீ வாயத் தொறந்து சொன்னதுல எது நெசம், எது வெளையாட்டுன்னு யாருக்குத் தெரியும்? விடு. நல்ல மனசு உனக்கு." அதை அவ்வளவு மெதுவாகச் சொன்னார். ஓங்கி ஒன்று விட்டிருந்தால் தேவலை.

"லெட்டர் குடுத்தியா?"

"கூட்டமா இருந்துச்சு. நாளைக்கு."

டெப்போவில் ஒரு ஈ காக்கா இல்லை. உண்மையைச் சொல்லி முடித்த வாய், அடுத்த மூச்சில் இது.

மார்ச் 19

காலையில் அக்காவும் அத்தானும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெட்டியைப் போட்டேன். ஏதோ வெறி. பாலத்தைத் தாண்டினேன். இருபத்தோராயிரத்து முந்நூறு.

டிவியில் மேலே ஒரு எண் எப்போதும் இருக்கும், இருபதாயிரம். பெட்டியே வைத்திருக்கிற எண் அது. யாராவது அதைத் தாண்டினால் அவர்களுடைய எண் அங்கே ஏறிவிடும். இன்று என் எண் ஏறியது. நான் செத்த பிறகும் அங்கேயே இருந்தது. மறுபடி ஆடினேன், மறுபடி செத்தேன். அசையவில்லை. அத்தான் பார்த்துவிடுவாரே என்று பிளக்கை உருவிச் செருகினேன். பழையபடி இருபதாயிரம்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அளவெடுத்தே பிழைக்கிறவள் நான். எண் என்றால் எனக்கு உடனே பிடிபடும்.

அவர்கள் வந்ததும் கேட்டேன். "அத்தான், அன்னிக்கு வந்து டிவியப் போட்டீங்களே, மேல என்ன நம்பர் இருந்துச்சு?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்களேன்."

"இருபதாயிரம். அரைமணி நேரம் அதத்தான பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்."

"நீங்க எடுத்தது?"

"ஒரு லட்சத்து நாப்பத்திரண்டு..."

நின்றுவிட்டார். நான் பேசவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கலாம்.

அவருடைய ஆள் தானாகச் செத்திருந்தால் மேலே அந்த ஒரு லட்சம் இருந்திருக்கும். பிளக்கை உருவினால்தான் அழியும். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஆடினவர். நான் சொன்னதை நம்பிக்கொண்டு யோசிக்காமல் இருந்துவிட்டார்.

"பதினோரு நாள்" என்றார். குரல் உயரவே இல்லை. "பதினோரு நாள் என் கைய நானே சந்தேகப்பட்டேன். நீ பக்கத்துல உட்கார்ந்து பட்டன் தெச்சுட்டு இருந்த."

"நேத்து சொன்னேனே..."

"நேத்து சொன்ன. அன்னிக்குச் சிரிச்ச."

கடிதத்தைக் கேட்டு வாங்கி, நாலாகக் கிழித்து, குப்பைக்கூடையில் போட்டார். உள்ளே போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்த பார்வைக்கு எழுத்தில் ஈடு கிடையாது.

மார்ச் 22

என்னோடு பேசுவதில்லை. சொல்லவேண்டியதை அக்காவிடம் சொல்கிறார், நான் அடுத்த நாற்காலியில் இருந்தாலும். "உன் தங்கச்சி கத்திரிக்கோலத் தரையில போட்டிருக்கா, எடுக்கச் சொல்லு." எடுத்தேன்.

மறுபடி பெட்டியைப் போட்டு ஆடுகிறார். மூன்றாவது ஸ்டேஜில் செத்தார். நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. விழுங்கினேன்.

மார்ச் 25

ஐந்தாவது. பார்க்கவில்லை, சத்தத்தை வைத்துச் சொல்கிறேன்.

அக்கா தட்டு வைக்க வந்தவள், "நீ பேசாம இருக்கறதுல வீடே துக்க வீடு மாதிரி இருக்குடி" என்றாள். பேசினபோது என்ன ஆயிற்று?

மார்ச் 28

விடிந்ததுமே கிளம்பிவிட்டார். சொல்லிக்கொள்ளவில்லை.

மதியம் வந்தார். அடுக்களையில் அக்காவிடம் ஏதோ சொன்னார். அக்கா அழுதாள். எந்த அழுகை என்று எழுந்து போய்க் கேட்க எனக்கு முகம் இல்லை. மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஊசியில் நூலே இல்லை.

ஏப்ரல் 2

நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போகவேண்டியிருந்தது. ஒன்பது பத்துக்கு வருகிற பஸ். பையைத் தேடியதில் கொஞ்சம் தாமதம். தெருமுனை திரும்பும்போதே வண்டி ஸ்டாப்பில் நின்றது. ஓடினேன். ஸ்டியரிங்கில் அத்தான், சலவை மடிப்புக் கலையாத காக்கிச் சட்டையில். கை ஆட்டிக்கொண்டே ஓடினேன். அவர் என்னை நன்றாகப் பார்த்தார். படியில் யாரும் இல்லை என்பதையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு கட்டைவிரலால் பொத்தானை அமுக்கினார். கதவு ஒரே தடவையில், இடைவெளி இல்லாமல், நன்றாக மூடியது.

அடுத்த வண்டி நாற்பது நிமிஷம் கழித்து வந்தது. உட்கார இடமில்லை.