ஜாமீன் நின்றவன்

கோட்டைமேடு, கோவை.

மாப்பிள்ளை முகமது ரியாஸுக்கு ஆஸிம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. ரிஃபானாதான் ஆட்டோ வைத்து பிசியோதெரபிக்குக் கூட்டிப் போகிறாள். சூலூர் கம்பெனியில் புது சி.என்.சி. மெஷின் இறக்கியிருக்கிறார்கள், எனக்கு மூச்சுவிட நேரமில்லை. நலம் விசாரிப்பு இதோடு போதும்.

என் தங்கை ரிஃபானாவை நீ கட்டிய நாளிலிருந்து உன்னை 'வாங்க, போங்க' என்றுதான் பேசி வந்தேன். ஹாஸ்டலில் ஒரே தட்டில் சாப்பிட்டவனிடம் அப்படிப் பேசக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் மரியாதை மரியாதைதான். இன்றைக்கு அது வரவில்லை.

போன லீவில் சாப்பிடும்போது ஒரு கதை சொன்னாய். சீனாவில் நீ இப்போது வேலை பார்க்கும் அதே குவாங்சோவில், அந்தக் காலத்துச் சக்கரவர்த்திகள் வெள்ளைக்கார வியாபாரிகளை ஊருக்குள் விடவில்லை. மதிலுக்கு வெளியே ஆற்றங்கரையில் துண்டு இடம், அவ்வளவுதான். சீசன் முடிந்தால் கிளம்ப வேண்டும். சீன மொழி கற்கக் கூடாது. மனைவியைக் கூட்டி வரவே கூடாது, அவள் மக்காவ் துறைமுகத்தில் காத்திருக்க வேண்டும். "என் கம்பெனி இன்னும் அந்த ராஜா காலத்துலதான் இருக்குது, ஃபேமிலி விசா குடுக்க மாட்டேங்கறாங்க" என்று சிரித்தாய். "அப்ப எனக்கு அந்த மக்காவுல ஒரு ரூம் பாருங்க, அங்க உக்காந்துக்கறேன்" என்றாள் ரிஃபானா. எல்லாரும் சிரித்தோம்.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இப்போது போனில் சீனம் படிக்கிறாள். தள்ளுவண்டிக்காரரிடம் சீனத்தில் தக்காளி விலை கேட்டு அவரை மிரள வைக்கிறாள்.

எங்கள் கம்பெனிக்கு டை அச்சு செய்து தருகிற திருமலைசாமி சாரின் மகன் யஷ்வந்த் உன் ஆபீஸில்தான் வேலை பார்க்கிறார் என்பது இந்த மாதம்தான் தெரிந்தது. லீவில் வந்திருந்தார். உன்னிடம் சொல்லாமல் அவர் கையில் ஒரு பார்சல் கொடுத்துவிடலாம், நீ அசந்துபோவாய் என்றாள் ரிஃபானா. அவளே தைத்த சட்டை, ஒரு பாட்டில் கறி ஊறுகாய். ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டில் அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

நீ என் ஹாஸ்டல் சிநேகிதன் என்று சொல்லிப் பேச்சை ஆரம்பித்தேன். யஷ்வந்தின் மனைவி ஷ்ரவ்யா காபி கொடுத்தார். அவரும் குழந்தையும் குவாங்சோவில்தான் இருக்கிறார்களாம், கம்பெனி கொடுத்த ஃபேமிலி விசாவில். அது எனக்கு உறைப்பதற்குள் அந்தப் பெண் கேட்டது: "ஏனுங்ணா, ரியாஸ் அண்ணாவுக்கு இன்னுமா பொண்ணு அமையல? அங்க எல்லாரும் மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு அவர ஓட்டிட்டு இருக்காங்க. நீங்க ஃப்ரெண்டுதானுங்களே, ஒண்ணு பாத்துக் குடுங்க."

"பாக்கறேனுங்க" என்றேன்.

வேறென்ன சொல்வது? ரிஃபானா தைத்த சட்டை மடியில் இருக்கும்போது, அவள் உன் மனைவி என்று அந்நியர் வீட்டில் நான் எப்படி நிரூபிப்பது? 'ரியாஸ் வீட்டுல குடுத்தாங்க' என்று பார்சலை வைத்துவிட்டு வந்தேன். வண்டியை எடுக்கவே நேரமானது.

உன் கதையில் ஒன்றை விட்டுவிட்டாய். நானே தேடிப் படித்தேன். அங்கே வந்த ஒவ்வொரு கப்பலுக்கும் உள்ளூர் வியாபாரி ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். வெளிநாட்டான் தப்பு செய்தால் அதிகாரிகள் பிடிப்பது அந்த வியாபாரியைத்தான். கப்பல் பாய் விரித்துப் போய்விடும். அத்தா மவுத்தாகிப் போனதால் அவர் இடத்தில் நிக்காஹ்வில் வலியாக, பெண்ணுக்குப் பொறுப்பாளனாக உட்கார்ந்து தங்கையை ஒப்புக்கொடுத்தவன் நான். அம்மா தயங்கியபோது, "அவன எனக்குத் தெரியுங்மா, நான் இருக்கறேன்" என்றவனும் நான்தான்.

அந்தச் சக்கரவர்த்தி சட்டத்தை எல்லாரும் அறியப் போட்டான். பிடிக்காதவன் கப்பலைத் திருப்பிக்கொண்டு போகலாம். நீ இல்லாத ஒரு சட்டத்தைச் சொல்லி அவளை மூன்று வருஷம் வாசலில் உட்கார வைத்திருக்கிறாய். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. காரணம் எதுவாக இருந்தாலும் அதைக் கேட்க உரிமையுள்ளவள் அவள். "அண்ணா, அவங்க என்ன சொன்னாங்க?" என்று வந்ததும் கேட்டாள். நல்ல மனுஷங்க என்று மட்டும் சொன்னேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, ரொம்ப நாள் தாங்காது. அவளுக்கு இது என் வாயால் தெரியக் கூடாது.

யஷ்வந்த் வெள்ளிக்கிழமை கிளம்புகிறார். இந்தக் கவரையும் அவரிடம்தான் ஒட்டிக் கொடுக்கிறேன். போனில் பேசாமல் கடிதம் எழுத இவர் உனக்கு யார் என்று கேட்பார். என் மனைவியின் அண்ணன் என்று சொல். அந்த மூன்று வார்த்தையைச் சொல்லிவிட்டு ரிஃபானாவைக் கூப்பிடு. சொல்லும் தைரியத்தை அல்லாஹ் உனக்குத் தரட்டும்.

வஸ்ஸலாம்,
ஆஸிம்