நாட்டமும் கவர்தன்மையும்

ஜூன் 24, புதன்
மண்காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் மறுபடி அலச வேண்டும். ஸ்நாபக அருளப்பர் திருநாள், காலைப் பூசை.

எதிர்வீட்டு ஜெசிந்தாவுக்குச் சனிக்கிழமை பரீட்சை. பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரி அரியர், இது மட்டும் பாக்கி. பாஸானால் உப்புக் கம்பெனி லேபில் வேலை. ஐஸ் ஃபாக்டரி வேலைக்கு நடுவில் நோட்டு எழுத அவளுக்கு நேரமில்லை; எழுதித் தருவது நான். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் பிடித்திருக்கிறது.

இன்றைய பட்டியல், தலைப்பு ‘எலக்ட்ரான் நாட்டம்’:
ஃபுளூரின் 4.0
ஆக்சிஜன் 3.5
குளோரின் 3.0
ஹைட்ரஜன் 2.1
சோடியம் 0.9

குளோரினுக்கும் சோடியத்துக்கும் வித்தியாசம் 2.1. 1.7ஐத் தாண்டினால் அயனிப் பிணைப்பு. அதுதான் உப்பு.

ஜூன் 26, வெள்ளி
தப்பு. என் தப்பு. அந்தப் பட்டியலுக்குப் புத்தகத்தில் தலைப்பு ‘கவர்தன்மை’. ஜெபத்தில் பழகிய வார்த்தை என்று ‘நாட்டம்’ போட்டுவிட்டேன், இரண்டும் ஒன்றுதானே என்று.

ஒன்றல்ல. நாட்டம்: தனி அணு ஒன்று எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவிடும் ஆற்றல். அதில் முதலிடம் குளோரினுக்கு. கவர்தன்மை: பிணைப்பில் பங்குபோட்ட எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பது. அதில்தான் ஃபுளூரின்.

ஜெசிந்தா மணப்பாட்டில், அம்மா வீட்டில். போன் எடுக்கவில்லை. நாளை நேரே சென்டருக்கு வருவாள்.

இவர் ஹார்பரிலிருந்து வந்ததும்: “ஏளா, ஒரு மார்க்குக்கா இம்புட்டு? கடைசி நேரத்துல போய்க் குழப்பாத.”

மாதாவே.

ஜூன் 27, சனி
எட்டரைக்கே சென்டர் வாசல். சொல்லிவிட்டேன்.

“யக்கா! பஸ்ல வரும்போது பூரா அதத்தான மனப்பாடம் பண்ணுனேன். இப்ப வந்து சொல்லுதிய!”

“தப்பா எழுதுனது நாந்தான். கேளு. ஒத்தையில இருக்கையில வேணும்னு தோணுதது நாட்டம். ஒரே போர்வைய ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் இழுக்கது கவர்தன்மை.”

“அப்ப எங்க வீட்ல ஃபுளூரின் அவருதான்.” சிரித்தாள். மணி அடித்தது.

ஒன்றேகாலுக்கு வெளியே வந்தாள்.

“ரெண்டையும் வேறுபடுத்துகன்னு வந்துச்சுக்கா, மூணு மார்க்கு. ரெண்டு பாயிண்ட் எழுதிட்டேன். மூணாவது என்னக்கா?”

வேப்பமரத்தடியில் புத்தகத்தைப் பிரித்தோம். நாட்டத்துக்கு அலகு உண்டு. கவர்தன்மைக்குக் கிடையாது; ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

நான் எழுதித் தராதது. அவளிடம் அதையும் சொன்னேன்.

“ரெண்டு போதும்க்கா. போன தடவ நான் ஃபெயிலானதே ரெண்டு மார்க்குலதான்.”