முப்பத்தெட்டாவது பிழை

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஷைனிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த நார்வே குளிரில் நெஞ்சுச் சளி இல்லாமல் இருக்கிறீர்களா? ரொட்டியையே தின்று நாளை ஓட்டாதே, ஒருவேளையாவது சோறு வை. அப்பா ஏன் உம்மென்று இருக்கிறார் என்று போனில் கேட்டாயே, அவர் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா துணைத்தலைவராக இருக்கிற தமிழாய்வு மன்றத்துக்கு அறுபது வயது. விழா மலருக்கு மன்ற வரலாறு எழுதித் தரும்படி செயலாளர் செழியன் என்னைக் கேட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மாதானே இருக்கிறோம் என்று நானும் பழைய தீர்மானப் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன். இந்த மகா பண்டிதர்கள் அறுபது வருஷமாக எதை ஆராய்ந்திருக்கிறார்கள் தெரியுமா? அழைப்பிதழில் யார் பெயர் முதலில் வருவது என்பதை. தலைவருக்குக் கை வைத்த நாற்காலி வேண்டுமா என்று மட்டும் ஆறு கூட்டம் பேசியிருக்கிறார்கள், அதற்காக ராஜினாமா செய்த இரண்டு பேர் அடுத்த மாதமே டீ குடிக்க வந்துவிட்டார்கள். உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று, உழவுச் சொற்களுக்கு ஓர் அகராதி. செழியனின் தகப்பனார், மன்றத்தை நிறுவிய தலைவர் உடையப்பன் எழுதியது என்று நானே வகுப்பில் தூக்கிக் காட்டியிருக்கிறேன், என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

அந்தப் புத்தகங்களை எடுத்த மன்றத்துப் பீரோவின் அடித்தட்டில் ஒரு தகரப்பெட்டி. அதற்குள் அகராதியின் சொற்கள் அத்தனையும் அட்டை அட்டையாக, ஒரே கையெழுத்தில், சொன்னவர் பெயர், ஊர், தேதியோடு. அடியில் சிவனம்மாள், ஆசிரியை, சேவுகம்பட்டி என்று எழுதியிருந்தது. தீர்மானப் புத்தகத்திலோ "பிரதியெடுத்து உதவிய சகோதரிக்கு நன்றி" என்று ஒரு வரி, பெயர்கூட இல்லை. வத்தலக்குண்டில் பஸ் மாறிப் போய் விசாரித்தேன். எண்பத்துமூன்று வயதில் கண்ணாடி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. ஆறு வருஷம் பள்ளிக்கூடம் விட்டதும் தோட்டம் தோட்டமாக நடந்து சேர்த்த சொற்களாம். பொம்பளை பெயர் போட்டால் புத்தகத்துக்கு மதிப்பிருக்காது என்று உடையப்பன் சொல்லிவிட்டாராம். "பேரு போடாட்டிப் போகுது டீச்சர், தப்புத் தப்பா அடிச்சு வச்சிருக்காகளே, அதத்தான் என்னால தாங்க முடியல" என்றார். புத்தகம் வந்த மாதமே முப்பத்தேழு பிழைகளைப் பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறார், பதிலே இல்லை. மடை என்று அவர் எழுதியது மடம் என்று அச்சாகி, ஐம்பது வருஷமாக நம் வயலுக்கெல்லாம் மடம் வழியாகத் தண்ணீர் பாய்கிறது. ஒரு பண்டிதரும் கவனிக்கவில்லை. பட்டியலின் கார்பன் நகலை என் கையில் கொடுத்தார்.

நான் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். செழியன் படித்துவிட்டு, "விழா நேரத்துல எதுக்கு டீச்சர் வம்பு, நன்றியுரையில ஒரு வரி சேத்துக்கிருவோம்" என்றார். மறுபடியும் ஒரு வரி! கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். உன் அப்பாவுக்கு அன்று மேடையில் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. "ஒரு பேருக்காக இம்புட்டு ஆட்டமா, என் மானத்த வாங்காத" என்று சொல்லிவிட்டு, ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. சோற்றுக்கு மட்டும் திறந்தார்.

நேற்று விழா. நான் அந்தப் பிழைப் பட்டியலை அச்சடித்து, சிவனம்மாளையும் காரில் கூட்டிவந்து, மண்டப வாசலில் இரண்டு பேரும் நின்று வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். கடைசியில் முப்பத்தெட்டாவதாக நான் ஒன்று சேர்த்திருந்தேன்: "மேலட்டை. உடையப்பன் என்பதைச் சிவனம்மாள் என்று திருத்தி வாசிக்கவும்." செழியன் முகம் போன போக்கைப் பார்க்க நீ இல்லாமல் போனாயே. ஆனால் வந்தவர்கள் அந்த அம்மாவைச் சுற்றி நின்று கேள்விமேல் கேள்வி கேட்டார்கள், மேடையில் பேசியவருக்குப் பாதி நாற்காலி காலி. உன் அப்பா சலவைச் சட்டையோடு வந்து, ஒரு தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் படித்தார். "முப்பத்தெட்டாவத முதல்ல போட்டிருக்கணும் ரோஸ்மேரி" என்றார். பிறகு நேரே உள்ளே போய்ப் பொன்னாடையையும் போர்த்திக்கொண்டார். அவ்வளவுதான் அந்த மனுஷன்.

காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே. படுக்குமுன் ஜெபமாலை சொல்ல மறக்காதே. மாதா உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும். அப்பாவிடம் நீயே போன் பேசு, இப்போது பேசுகிறார்.

உன் அம்மா,
ரோஸ்மேரி ஸ்தனிஸ்லாஸ்