அடிவாரத்தில் போட்ட மாத்திரை

கரடியூர்
20-11-86

அன்புள்ள சென்றாயன் அண்ணாவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே, உன்னோடு தங்கியிருக்கும் நம் ஊர்க்காரர்களிடம்கூட. பம்பாயில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே அப்பா, அம்மா, கன்றுக்குட்டி எல்லோரும் சுகம். தங்கச்சிக்கு இழுப்பு நின்றுவிட்டது என்று போன கடிதத்தில் இருந்ததே, அது அம்மா சொல்லி நான் எழுதியது. இது நானாக எழுதுவது. எனக்கு இழுப்பு நிற்கவில்லை, படுத்தால் மூச்சு இழுக்கிறது, அதனால் சமையலறையில் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆஸ்துமாவா என்று பார்க்க ஊதும் சோதனைக்குச் சேலத்து டாக்டர் வரச் சொன்னார். அம்மா அதைப் பரீட்சை என்றே நினைத்துவிட்டாள். அடிவாரத்தில் பஸ் நின்றதும் இழுப்பு மாத்திரை ஒன்றைக் கொடுத்து, "நல்லா ஊதிப் பாஸாயிரு சாமி" என்றாள். நானும் விழுங்கிவிட்டேன். ஆஸ்பத்திரியில் மூக்குக்குக் கிளிப் மாட்டி ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள், ஊத ஊத மெஷின் காகிதத்தில் கோடு போட்டது. செல்வமேரி நர்ஸ், "ஊது ஊது, நிறுத்தாத, கண்ணாலத்து நாயனக்காரன் தோத்துப் போகோணும்" என்று கத்தினார். பிறகு ஒரு மருந்தை உள்ளிழுக்க வைத்து, கால் மணி கழித்து மறுபடி ஊத வைத்தார்கள். மருந்துக்குப் பிறகு மூச்சு நன்றாகக் கூடினால் ஆஸ்துமாவாம். எனக்கு இரண்டு கோடும் ஒரே மாதிரி. காலையில் நான் மாத்திரை போட்டேனா என்று டாக்டர் கேட்டதற்கு அம்மா முந்திக்கொண்டு "இல்லீங்க" என்றாள். ஆஸ்துமா மாதிரி தெரியவில்லை என்று டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். நாங்கள் வெளியே வரும்போது செல்வமேரி நர்ஸ் வேறொருவரைத் திட்டி அனுப்பினார், "மாத்திரை போட்டா மூச்சுக்குழாய் விரிஞ்சுக்குமுங்க, அப்புறம் மெஷின்ல என்ன தெரியும்?" அடிவாரத்தில் போட்ட மாத்திரையால்தான் என் கோடு மாறவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அம்மா ஊரெல்லாம், "எம்புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டாள். இனி டாக்டரிடமே போக வேண்டாமாம். அப்பா, "காப்பிப் பழம் பறிக்கச் சொன்னா மட்டும் இழுக்குதா? நொம்ப நடிக்காத" என்கிறார். மீதி இருப்பது இரண்டே மாத்திரை. பயமாக இருக்கிறது அண்ணா. மறுபடி ஊத வேண்டும், இந்தத் தடவை டாக்டர் சொல்கிறபடி, போன தடவை மாத்திரை போட்டதை மறைக்காமல். என்னை அழைத்துப் போகச் சொல்லி அம்மாவுக்கு எழுது. உன் கடிதத்தை வாசித்துக் காட்டுவது நான்தான், நீ எழுதாததை எழுதியதாக வாசித்துவிடலாம். ஒரு பொய்யால் வந்தது போதும், நீயே எழுது. எழுதாவிட்டாலும் நான் குப்பனூர் வழியாக மலை இறங்கி நடந்தாவது போய் டாக்டரிடம் சொல்லத்தான் போகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையா

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. "யாரு சாமி உள்ள, இப்படி இழுக்குது" என்று