கன்னக்குழிக்காரன் கைக்கு வந்த வாரம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். மருந்துக்கடை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், கொரியா பார்சல் பிரித்துக் கிடக்கிறது. ஆறு வாரம் காத்திருந்த கொரியப் பாட்டுக் குழுவின் ஆல்பம். அம்மா அரிவாள்மனையில் கீறியிருக்கிறாள்.

"தோட்டத்துக்கு மருந்து வந்திருக்குன்னு நெனச்சேன். பாத்தா பூராம் பயலுக படம்."

அட்டையில் கீறல் இல்லை. தப்பித்தேன்.

உள்ளே: சிடி 1, படப் புத்தகம் 1, போஸ்டர் 1, போட்டோ கார்டு 1. குழுவில் ஐந்து பேர். யாருடைய கார்டு வரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். எனக்கு வேண்டியது கன்னக்குழிக்காரன். வந்தது கிடார்க்காரன். தொடர்ந்து மூன்றாவது முறை.

பி.கு. சிடி போட்டுக் கேட்க வீட்டில் பெட்டியே கிடையாது. அம்மா இன்னும் அதைக் கேட்கவில்லை.

9, புதன்

ரசிகர் குரூப்பில் கார்டு மாற்றிக்கொள்ளக் கேட்டிருந்தேன். டெல்லி, கொச்சி என்று எங்கிருந்தாவது வரும் என்று பார்த்தால், பதில் கூடலூரிலிருந்து. நம்ம கூடலூர். பெயர் 'நிலாப்பூனை'. முகப் படம் கிடையாது. அவரிடம் கன்னக்குழி, அவருக்கு வேண்டியது கிடார். தபாலில் மடங்கிவிடுமாம், சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் நேரில்.

அப்பா: "ஆணா பொண்ணான்னு தெரியாது, தனியாப் போவியாக்கும். நானும் வாரேன்."

12, சனி

கார்டுக்குப் பிளாஸ்டிக் உறை, அதன்மேல் அட்டை, அதற்கும் மேல் என் சாப்பாட்டு டப்பா. அப்பா வெள்ளை வேட்டியில்.

பெஞ்சில் அரை மணி நேரம். யாரும் வரவில்லை. ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். அப்போது காக்கி உடுப்பில் ஒரு பெண் போலீஸ் நேராக எங்களிடம். அப்பா எழுந்தே விட்டார்.

"நாங்க சும்மாதேன் உக்காந்திருக்கோம், மேடம்."

"உக்காருங்கய்யா. நாந்தேன் நிலாப்பூனை."

கவிதா. முப்பது வயதிருக்கும். சட்டைப் பையில், நோட்டுக்குப் பின்னால், என் கன்னக்குழிக்காரன். மாற்றிக்கொண்டோம்.

"ஸ்டேசன்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா ஓட்டியே கொன்றுவாக."

அப்பா இரண்டு கார்டையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே ஆளுதான?"

நாங்கள் பார்த்த பார்வையில் டீ வாங்கப் போய்விட்டார். திரும்பி வந்து, "நாளைக்கு வீட்டுக்கு வாங்க. கோழி அடிக்கிறோம்" என்றார்.

13, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வருவதற்குள் கவிதா அக்கா வாசலில். சுடிதாரில் அடையாளமே தெரியவில்லை. பை நிறைய ஆல்பம்.

கட்டில் முழுக்கக் கார்டுகள். கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம். ஆறு வருடமாகப் போன் திரையில் மட்டுமே எழுதிய பெயர்களை இன்று வாய்விட்டுச் சொன்னேன். ஒருவர் பெயரைத் தப்பாகச் சொன்னேன், அக்கா திருத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கவனிக்காத மாதிரி உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அம்மா கதவைத் தட்டினாள். "கொழம்பு ஆறுது. வாரீகளா, இல்லையா?"

"அஞ்சு நிமிசம்." ரெண்டு பேரும் ஒரே நேரத்தில்.