கிணறு உப்புக் கரித்த காலை

என் அருமை அக்கா,

நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிறது. இரண்டிலும் மழை இல்லை. அடையாற்றில் கடல் தண்ணீர்தான் ஏறி நிற்கிறது. அக்கம்பக்கத்துக் கிணறுகளில் சேறுதான் மிச்சம். நம் தோட்டத்துக் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

அதுவே வினையாகிவிட்டது. மயிலாப்பூர் பங்களாக்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகப் பீப்பாய் வண்டிகள் நம்மிடம் வரத் தொடங்கின. கீரையைவிடத் தண்ணீரில்தான் வருமானம் என்று உன் வீட்டுக்காரர் கண்டுகொண்டார். பாத்திகளைக் காயவிட்டோம். நானும்தான் அக்கா, பொழுதெல்லாம் இறைத்தேன்.

பக்கத்துத் தோட்டத்துப் பொன்னம்மா ஒருநாள் வந்தாள். அவள் பாத்தியில் ஒரு தண்டுகூடப் பச்சையாக இல்லை.

"நீங்க எறைக்க எறைக்க எங்க கெணறு எறங்கிகினே போவுது நைனா. நான் இன்னாத்த வித்து சோறு துன்றது?"

"என் கெணத்துல நான் எறைக்கிறேன். உனுக்கு இன்னா?" என்றார் மச்சான்.

நான் அடுத்த வாளியை இறைத்தேன். இப்போது அவள் தியாகராய நகரில் வீடு கட்டும் இடத்தில் செங்கல் சுமக்கிறாள்.

நேற்றுக் காலை முதல் வாளியை இறைத்து ஒரு வாய் குடித்தேன். உப்புக் கரித்தது. மச்சானைக் கூப்பிட்டேன். அவரும் குடித்துப் பார்த்துத் துப்பினார். வெளியே வண்டிக்காரர் காத்திருந்தார்.

"சொல்லாத. இன்னிக்கு ஒரு நாள் ரொப்பி அனுப்பிடு" என்றார் மெதுவாக.

அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு அதிகம் பயம் வந்தது. தண்ணீர் இருந்தபோதே பொன்னம்மாவைக் கைவிட்டோம். இனி எதற்குத்தான் துணியமாட்டோம்?

வண்டிக்காரரிடம் போய், "தண்ணி கெட்டுப்பூட்ச்சு அண்ணே. இனிமே வராதீங்க" என்றேன். மச்சான் வாளியை எறிந்துவிட்டு உள்ளே போனார்.

கிணறு வெட்டுகிறவர் வந்து பார்த்தார். நாம் இறைத்து இறைத்துக் கடல் தண்ணீர் உள்ளே ஊறிவிட்டதாம்; இன்னும் ஆழம் போனால் உப்பு கூடத்தான் செய்யும் என்கிறார். இந்தத் தண்ணீரில் என்ன முளைக்கும்? இந்த நிலத்தை யார் வாங்குவார்?

"நாம எங்க போவப்போறோம் மாமா?" என்று உன் மகள் வள்ளி கேட்கிறாள்.

நாளை பொன்னம்மா வேலை செய்யும் இடத்துக்குப் போய் ஆள் வேண்டுமா என்று கேட்கப்போகிறேன். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. மச்சான் என்னோடு வந்தாலும் வராவிட்டாலும், வள்ளியைப் பசியோடு படுக்க விடமாட்டேன். இந்த ஒன்றை மட்டும் நீ நம்பலாம்.

உன் கூடப்பிறந்த தம்பி,
கன்னியப்பன்