மூன்றடி இடைவெளி

பாய்,

இன்று காலையில் என் வீட்டுக் கூடத்தில் ஓர் இரும்புக் கட்டிலைப் பொருத்திவிட்டுப் போனார்கள். போன மாதம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததைக் கேட்டு, பெங்களூரில் இருக்கும் மகன் அனுப்பியது. இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி. பச்சை பெயிண்ட் வாசனை வீடு முழுக்க நிற்கிறது. மனைவி போய் ஆறு வருடமாகிறது. மகன் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவான். மற்ற நாட்களில் ரேடியோவை நிறுத்தினால் இந்த வீட்டில் ஒரு சத்தமும் கிடையாது. இந்த வாசனை என்னை என்ன செய்கிறது என்று சொல்ல உங்களை விட்டால் ஆளில்லை. நீங்களும் போய்ச் சேர்ந்த பிறகுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் லட்சணம் அப்படி.

எண்பதுகளில் நான் தருமபுரியில் விடுதிகளை ஆய்வு செய்யும் அதிகாரி. அதிகாரி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தோல்பை, ஒரு படிவக் கட்டு, ஓர் அளவு நாடா. வருடத்துக்கு ஒரு முறை பாப்பாரப்பட்டி பஸ்ஸில் வந்து இறங்குவேன். உங்கள் பழைய புளிக் கிடங்கில் மனவளர்ச்சி குன்றிய ஒன்பது ஆண்கள் இருந்தார்கள். உங்கள் தம்பிக்காக ஆரம்பித்த இடம் அது. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதவர்கள் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து விட்டுப் போனதில் ஒன்பதாகிவிட்டது. நான் கையெழுத்துப் போட்டால்தான் அங்கீகாரம் புதுப்பிக்கப்படும். போடாவிட்டால் அத்தனை பேரும் வெளியேற வேண்டியதுதான்.

முதல் தடவை வந்தபோது தரையில் நீளமாக ஜமுக்காளம் விரித்திருந்தது. கட்டில் எங்கே என்று கேட்டேன்.

"கட்டில் வேணாங்க சார். இவங்க பக்கத்துல இருக்கறவங்க கையப் புடிச்சாத்தான் தூங்குவாங்க. கட்டில் போட்டா கை எட்டாதுங்க."

"ஆளுக்கு ஒரு கட்டில், நடுவுல மூணடி. ஃபாரத்துல கை புடிக்கறதுக்கெல்லாம் எடமில்லீங்க பாய்."

என் பேச்சை நானே ரசித்துச் சிரித்தேன். நீங்களும் மரியாதைக்குச் சிரித்தீர்கள்.

அடுத்த வருடம் இதே பச்சை பெயிண்ட் வாசனையோடு ஒன்பது இரும்புக் கட்டில்கள் இருந்தன. நாடா பிடித்து அளந்தேன், சரியாக மூன்றடி. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். அதற்கும் இரண்டு வருடம் கழித்துத்தான் கண்ணில் பட்டது, மெத்தைகளில் ஆள் படுத்த தடமே இல்லை. ஆய்வுக்கு வருகிறேன் என்று நான் கார்டு போட்டதும் கட்டில்களைப் பரப்புவதும், நான் பஸ் ஏறியதும் அவற்றைச் சுவரோரம் அடுக்கிவிட்டு ஜமுக்காளம் விரிப்பதும் உங்களுக்கு வழக்கமாகியிருந்தது. நான் போன எல்லா விடுதியிலும் எனக்காக ஒரு நாள் எதையாவது பரப்பி வைக்கத்தான் செய்தார்கள். அங்கெல்லாம் கண்டும் காணாமல் வந்திருக்கிறேன். உங்களிடம் மட்டும் ரோஷம் வந்தது. நீங்கள் என்னிடம் எதையும் மறைக்க மாட்டீர்கள் என்று நம்பியிருந்தேன்.

"பேருக்குப் போட்டு வெச்சா ஆகாதுங்க பாய். இன்னையில இருந்து கட்டில்லதான் படுக்கணும். அடுத்த வாரம் சொல்லாம வருவேன். பாத்துட்டுத்தான் கையெழுத்து."

நீங்கள் தலையைச் சொறிந்தபடி முனியனைப் பார்த்தீர்கள். அவனுக்கு முப்பது வயது இருக்கும். யார் வந்தாலும் போய் விரலைப் பிடித்துக்கொள்வான். அப்போது என் சுண்டுவிரலைப் பிடித்திருந்தான். "சரிங்க சார்" என்றீர்கள்.

நாலாம் நாள் முனியன் தூக்கத்தில் அடுத்த கட்டிலை நோக்கிக் கை நீட்டி விழுந்திருக்கிறான். கருங்கல் தரை. தருமபுரி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தான். அவ்வளவுதான், போய்விட்டான்.

விசாரிக்க என்னையே அனுப்பினார்கள். கட்டிலில் படுக்கச் சொன்னது யார் என்று படிவம் கேட்கவில்லை; நானும் எழுதவில்லை. காரணம் என்ற இடத்தில், 'இரவுக் கண்காணிப்பு போதவில்லை' என்று எழுதினேன். அத்தனை வருடமும் அந்தக் கிடங்கின் வாசற்படிக்குக் குறுக்கே படுத்துத் தூங்கிய உங்களைப் பற்றி அப்படி எழுதினேன், பாய். வேலை போய்விடும் என்ற பயம். நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தீர்கள். விடுதி நடத்துபவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டிய படிவம் அது. பிறகு என்னிடமே பேனாவைக் கேட்டு வாங்கினீர்கள்.

"உங்களுக்கும் வூட்ல கொழந்த இருக்குதுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டீர்கள்.

அங்கீகாரம் போயிற்று. உங்கள் தம்பியைத் தவிர மற்ற ஏழு பேரையும் சேலத்துக்கும் வேறு ஊர்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். வேன் வந்த அன்று நான் அங்கே இருந்திருக்க வேண்டும். வேறு ஆய்வு இருப்பதாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

அதன்பிறகு பாலக்கோட்டில், தக்காளி மண்டிப் பக்கம் இரண்டு தடவை சந்தித்தோம். இரண்டு தடவையும் டீ வாங்கிக் கொடுத்தீர்கள். தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "தனியாப் படுக்கப் பழகிக்கிட்டான் சார்" என்றீர்கள். ஊர்ச் சேதி சொல்வதுபோலத்தான் சொன்னீர்கள். குற்றமாகச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே உங்கள் காலில் விழுந்திருப்பேன். நீங்கள் சொல்லவில்லை, நானும் டீக்கு நன்றி சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். பழகிக்கொள்வது என்றால் என்னவென்று இந்த ஆறு வருடத்தில் எனக்கும் தெரிந்துவிட்டது. பழகுவதெல்லாம் இல்லை பாய், யாரிடமும் கேட்காமல் இருந்துவிடுகிறோம்.

நீங்கள் இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. பாப்பாரப்பட்டிக்குப் போனேன். உங்கள் மகன் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். சுற்றி இருந்தவர்களிடம் என்னைக் காட்டி, "அத்தா இவரப் பத்தி எப்பவும் சொல்லுவாங்க. இவ்வளவு நேர்மையான ஆபீசர அவங்க பாத்ததே இல்லையாம்" என்றார்.

மகனிடம்கூட நீங்கள் சொல்லியிருக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கட்டிலில் படுக்கச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட நாக்கு வரை வந்தது.

தலையாட்டினேன், பாய். நீங்கள் கொடுத்த அந்த நல்ல பெயர் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கத்தான் ஆளில்லை.